யந்திரத்திற்கும் மூச்சு உண்டு

சென்ற கிழமை எமது மேசைக்கு வந்த கடிதங்களுள் ஒன்று இருவர் கையெழுத்தில் அமைந்திருந்தது. முதற் பக்கம் முழுவதையும் உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் பாட்டனார் காலத்து மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டாம். அதைத் தம்மிடம் ஒப்படைக்கத் தந்தையார் சம்மதித்துவிட்டாராம். "இப்பொழுது வரும் கார்கள் பலவற்றில் டர்போ சார்ஜர் இருக்கிறது. எங்கள் காரில் அதைப் பூட்டுவது வீண்வேலை என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். டர்போ இல்லாமலே இந்தக் காரின் ஓட்டத்தை மேம்படுத்த வழி உண்டா?" என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் அடியில், வேறு மையினால், அவருடைய அன்னையார் இரண்டு வரி சேர்த்திருந்தார். "ஐயா, பிள்ளை கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். ஆனால், அவன் வீடு திரும்பும்வரை வாசலில் நிற்பவள் நான் என்பதையும் மனத்தில் வைத்து எழுதுங்கள்."

இருவருக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். இரண்டுக்கும் ஒரே விடை உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், டர்போ சார்ஜர் என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சில்லைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள வேறொரு சில்லு வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டர்களுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் இந்த உபாயத்திற்குச் சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கெட்டிக்காரத்தனமான கருவிதான். ஆயினும், பழைய எஞ்சினில் அதைப் பூட்டினால் பிஸ்டன், தாங்கி, கியர்ப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி என ஒவ்வொன்றும் தான் பிறந்தபொழுது எதிர்பாராத பாரத்தைத் தாங்க வேண்டிவரும். கராஜுக்காரர் கூறியது சரியே.

நிற்க. டர்போ செய்வது காற்றைத் தள்ளுவது மாத்திரமே என்பதைக் கவனியுங்கள். அது வலுவைத் தானாக உண்டாக்குவதில்லை. ஒரு கிலோகிராம் பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். வேறு விதமாகக் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்கும் எஞ்சின் 9,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்றை உள்ளிழுத்தாக வேண்டும். பெற்றோலை அதிகமாக ஊற்றுவது எளிது. காற்றை அதிகமாக உட்புகுத்துவதுதான் அரிது. எஞ்சினின் வலு அதன் மூச்சில் இருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

டர்போ இல்லாத எஞ்சின் எவ்வாறு மூச்சு விடுகிறது? பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டரினுள் அமுக்கம் குறைகிறது. உடனே வெளியிலுள்ள வளிமண்டலம் தன் அமுக்கத்தினால் காற்றை உள்ளே தள்ளுகிறது. ஆகவே, வளிமண்டலமே அந்த எஞ்சினுக்குத் துணை. இதை எம் நாட்டு மலைநாட்டுப் பாதைகளில் நேரிற் காணலாம். ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் காற்றின் திணிவு கொழும்பிற் கிடைப்பதிலும் ஆறிலொரு பங்களவு குறைவு. றம்பொடை ஏற்றத்தில் வண்டி முனகுவதற்குச் செங்குத்தான பாதை மாத்திரமன்றிக் காற்றின் வறுமையும் காரணமாகும்.

காற்றைத் தள்ளிவிட ஆள் இல்லையென்றால், அதன் வழியிலுள்ள தடைகளையாவது நீக்கலாமன்றோ? இக்கருத்தை உலகறியச் செய்து காட்டிய கார் ஒன்று உண்டு. அது எம் மாணவ நண்பருடைய மொறிஸ் மைனருக்கு இரத்த உறவு என்பது இன்னும் சுவையான செய்தி.

1956 ஆம் ஆண்டில் சுயெஸ் கால்வாய் நெருக்கடியினால் பிரித்தானியாவிற் பெற்றோல் பங்கீடு செய்யப்பட்டது. குறைந்த பெற்றோலில் ஒரு குடும்பத்தைச் சுமந்து செல்லும் சிறு கார் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. 1948 இல் மொறிஸ் மைனரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் என்பவரிடமே அப்பணியும் ஒப்படைக்கப்பட்டது. 1959 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் வெளிவந்த அக்காரே 'மினி'. நீளம் பத்தடி, சில்லுகள் பத்து அங்குலம். அதன் எஞ்சின், 1951 இல் ஒஸ்ரின் ஏ-30 காரில் அறிமுகமாகிப் பின்னர் மொறிஸ் மைனருக்கும் வந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கொள்ளளவு 848 கன சென்ரிமீற்றர். வலு 34 குதிரைவலு. அதனாற் செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 72 மைல்.

ஜோன் கூப்பர் என்பவர் பந்தயக் கார் செய்பவர். அவருடைய கார்களைச் செலுத்தியே அவுஸ்திரேலியரான ஜக் பிரபாம் 1959 இலும் 1960 இலும் உலக வெற்றிவீரரானார். மினியை ஓட்டிப் பார்த்த கூப்பர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். வளைவுகளில் இச்சிறு கார் பெரிய கார்களையும் வெட்கப்படச் செய்கிறது. இதற்கு வேண்டியது சிறிது கூடுதல் வலு மாத்திரமே என்று அவர் கருதினார். குடும்பக் காரைப் பந்தயக் காராக்குவதில் இசிகோனிஸுக்கு முதலில் விருப்பமிருக்கவில்லை. ஆயினும் மேலிடம் இணங்கியது. 1961 இல் 'மினி கூப்பர்' பிறந்தது.

கூப்பர் செய்த மாற்றங்கள் எவை? எஞ்சினின் கொள்ளளவு 997 கன சென்ரிமீற்றராக உயர்த்தப்பட்டது. ஒரு காபரேற்றருக்குப் பதிலாக இரண்டு பொருத்தப்பட்டன. காற்று உட்புகும் வால்வுகள் பெரிதாக்கப்பட்டன. புகை வெளியேறும் குழாய் திருத்தியமைக்கப்பட்டது. 8.3 ஆக இருந்த நெருக்கல் விகிதம் 9 ஆயிற்று. இவற்றின் விளைவாக வலு 34 இலிருந்து 55 ஆக உயர்ந்தது.

கணிதம் பயிலும் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். கொள்ளளவு கூடியது நூற்றுக்குப் பதினெட்டு மாத்திரமே; வலுவோ நூற்றுக்கு அறுபத்திரண்டு கூடியது. மிகுதி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மூச்சிலிருந்தே வந்தது. வழி அகன்றதனால் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதும் சிலிண்டர்கள் நன்றாக நிரம்பின. டர்போ இல்லை, தள்ளுபவர் எவரும் இல்லை. அடைத்துக்கொண்டிருந்த கதவுகளைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவே.

அடுத்த கணக்கு இதிலும் முக்கியமானது. வலு நூற்றுக்கு அறுபத்திரண்டு கூடியபோது உச்ச வேகம் எவ்வளவு கூடியது? 72 மைல் ஏறத்தாழ 85 மைல் ஆயிற்று. அதாவது, நூற்றுக்குப் பதினெட்டே கூடியது. இதற்குக் காரணம் காற்றின் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கிற்கு ஏற்பப் பெருகும். 1.18 என்ற எண்ணை மூன்று முறை தன்னோடு பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 1.64 வரும். உச்ச வேகத்தை விரட்டிப் பிடிக்க முயல்வது மிகுந்த செலவும் குறைந்த வரவும் உள்ள வியாபாரம் என்பது இதனாற் புலனாகும். நல்ல வரவு வேறிடத்தில் உள்ளது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட முதல் மினிக்கு ஏறத்தாழ 27 வினாடி வேண்டியிருந்தது. கூப்பருக்கு 20 வினாடியும் வேண்டியிருக்கவில்லை. ஏற்றத்தில் ஏறுவதிலும், மெதுவாகச் செல்லும் லொறியைக் கடப்பதிலும் பயன்படும் திறன் இதுவே.

அன்னையார் கவனிக்க வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. கூப்பர் கார் வெளிவந்தபோது அதில் மற்றொரு மாற்றமும் இருந்தது. முன்சில்லுகளின் டிரம் பிறேக்குகளை நீக்கி ஏழு அங்குல டிஸ்க் பிறேக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். ஓட்டத்தைக் கூட்டியவர்கள் நிறுத்தத்தையும் உடன் கூட்டினார்கள். 1963 இல் 'கூப்பர் எஸ்' என்ற பெயரில் 70 குதிரைவலுவுடைய கார் வந்தபோது பிறேக்குகள் மீண்டும் பெரிதாக்கப்பட்டன. பந்தயத்தை உயிராகக் கொண்டவர்கள்கூட வலுவையும் பிறேக்கையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்தக் கூப்பர் எஸ் காரே 1964 ஆம் ஆண்டு மொன்டி கார்லோ நெடுந்தூரப் பந்தயத்தில் பெடி ஹொப்கேர்க் என்பவருடைய கைகளில் வெற்றி பெற்றது. இரண்டாவதாக வந்தது 4.7 லீற்றர் எஞ்சினுடைய போர்ட் பல்கன். சிறிய எஞ்சின்களுக்குச் சலுகை தரும் விதி அவ்வாண்டு நடைமுறையில் இருந்தது என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். ஆயினும், நான்கு மடங்கு பெரிய எஞ்சினுக்கு எதிராக 1,071 கன சென்ரிமீற்றர்க் கார் ஈடுகொடுத்தது பனி படர்ந்த மலைப்பாதையில் அதன் குறைந்த பாரமும், பிடிமானமும், நிறுத்தமும் ஒன்றாகத் துணை நின்றமையாலேயே. 1965 இலும் 1967 இலும் மினி மீண்டும் வென்றது.

இனி, எம் நண்பருடைய மொறிஸ் மைனருக்கு வருவோம். 1956 இல் வந்த 948 கன சென்ரிமீற்றர் மாதிரிக்குப் பிறப்பில் 37 குதிரைவலு உண்டு. அறுபது ஆண்டு உழைத்த பின் அதில் எத்தனை மிஞ்சியிருக்கும்? இல்லாததைத் தேடுமுன் இழந்ததை மீட்பதே முறை.

காற்று வடிகட்டி தூசி நிறைந்திருந்தால் மூச்சுக் குழலை நாமே நெரித்தவர்களாவோம். பிளக்கின் இடைவெளி ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கும், டிஸ்ரிபியூட்டரின் பொயின்ற் இடைவெளி 15 பங்கும், வால்வுக்குரிய இடைவெளி 12 பங்கும் இருக்க வேண்டும். அவரவர் எஞ்சினுக்குரிய கைந்நூலைப் பார்த்து இவற்றை உறுதிசெய்துகொள்க. தீப்பொறி பிறக்கும் நேரம் சரியா என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கமானி வைத்துப் பார்த்தால், எதில் வளையம் தேய்ந்திருக்கிறது, எதில் வால்வு கசிகிறது என்பது வெளிப்படும். எளிய சோதனை ஒன்றும் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் அக்சிலேற்றரை முழுவதும் மிதிக்க, மற்றவர் காபரேற்றரின் அருகே நின்று அதன் தட்டு முழுவதும் திறக்கிறதா என்று பார்க்கட்டும். இழுவைக் கம்பி தளர்ந்து, முக்காற் பங்கே திறக்கும் கார்கள் உண்டு. ஒரு சதமும் செலவின்றிக் கிடைக்கும் வலு இது.

பின்பு காரை ஜக்கில் உயர்த்தி ஒவ்வொரு சில்லையும் கையாற் சுழற்றிப் பாருங்கள். சுழல மறுத்தால், பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஈட்டும் வலுவை அது வழியிலேயே தின்றுவிடும். டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது பாரம். மொறிஸ் மைனரின் பாரம் ஏறத்தாழ 750 கிலோகிராம். கூரைமேல் இரும்புத் தட்டி, பின்பெட்டியில் பழைய இரும்புச் சாமான், என்றோ வைத்து மறந்த எண்ணெய்த் தகரம் என ஐம்பது கிலோகிராமை இறக்கிவிட்டால், ஏற்றத்தில் இரண்டு குதிரைவலு கூடியதற்கு ஒப்பாகும். அந்த இரண்டு குதிரைகளுக்குத் தீனியும் வேண்டியதில்லை.

மூன்றாவது நிறுத்தம். மொறிஸ் மைனரின் நான்கு பிறேக்குகளும் டிரம் வகையின. ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குபவை. எங்கேனும் ஓரிடத்திற் குழாய் கசிந்தால் நான்கும் ஒருங்கே போகும். ஆதலின் குழாய்களையும் றப்பர்களையும் புதுப்பித்தல் வேண்டும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கொருமுறை அதை மாற்றுவது நன்று. வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப இயக்கப்பண்புச் சக்தி பெருகும் என்பதை மாணவர்கள் வகுப்பிற் படித்திருப்பார்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் காரை 70 கிலோமீற்றரில் ஓட்டினால், பிறேக் பிடித்தபின் அது நிற்க வேண்டிய தூரம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஒரு மாடு குறுக்கே வரும்போது இந்தச் சமன்பாடு எவருக்கும் விலக்களிப்பதில்லை. உற்பத்தியாளரும் இதை உணர்ந்திருந்தனர். 1962 இல் மொறிஸ் மைனருக்கு 1,098 கன சென்ரிமீற்றர், 48 குதிரைவலு எஞ்சினை வழங்கியபோது, முன்சில்லின் டிரம்மை ஏழங்குலத்திலிருந்து எட்டங்குலமாக்கிய பின்னரே வெளியில் விட்டனர்.

இவ்வளவும் ஆனபின் மூச்சை அகலப்படுத்தும் வேலையைத் தொடங்கலாம். உள்ளே போகும் காற்றை எஞ்சினின் சூட்டருகே எடுக்காமல், முன்பக்கத்துக் குளிர்ந்த இடத்திலிருந்து குழாய்வழி எடுப்பது நன்று. 60 பாகை சூடான காற்று, 30 பாகைக் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. கூப்பர் செய்ததுபோல இரண்டு காபரேற்றர்களும் பொருத்தலாம். இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றுப் புகும் வாயில்கள் இரண்டே. வாயிலுக்கு ஒன்றாக இரண்டு காபரேற்றர் பொருந்துவது இதனாலேயே. அல்லது, பழுதற்ற 1,098 எஞ்சின் கிடைத்தால், அதற்குரிய பெரிய பிறேக்குகளோடு அதையே இறக்கிவிடலாம். எஞ்சினை மாற்றுவோர் வாகனப் பதிவிலும் காப்புறுதியிலும் அம்மாற்றத்தை அறிவித்துக்கொள்ள மறக்கலாகாது.

நெருக்கல் விகிதத்தைப்பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நாம் கூற வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், குடாநாட்டிற்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், இப்பழைய கார்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அதற்கு அவர்களுடைய சாமர்த்தியம் ஒரு காரணம். எஞ்சின்களின் குறைந்த நெருக்கல் விகிதம் மறு காரணம். நெருக்கல் கூடிய புதிய எஞ்சினில் மண்ணெண்ணெய், தீப்பொறிக்கு முந்தியே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். இந்த அனுபவம் தரும் பாடம் யாதெனில், நெருக்கலை உயர்த்துபவர் பெற்றோலின் தரத்தையும் உயர்த்த வேண்டும். ஒக்டேன் 92 போதுமாயிருந்த எஞ்சின் 95 கேட்கும். நம் பாட்டன்மார் மண்ணெண்ணெயில் ஓட்டிய காரில் மிகையான நெருக்கலைத் திணிப்பது அதன் பொறுமையையே விற்று வேகம் வாங்குவதாகும்.

சைலன்சரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. துருப்பிடித்து அடைத்த சைலன்சரை மாற்றினாற் பலன் உண்டு. நல்லதைக் கழற்றினால், கூடுவது பெரும்பாலும் சத்தமே. எஞ்சினின் முழக்கத்தைக் கேட்டுக் காது ஏமாறுகிறது, கடிகாரம் ஏமாறுவதில்லை. ஆகையால், ஒவ்வொரு திருத்தத்திற்கும் முன்னும் பின்னும் ஒரே ஏற்றத்தில், ஒரே பாரத்துடன், ஒரே கியரில் ஏறி, மேலே சேர எடுக்கும் நேரத்தையும் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரத்தையும் குறித்து வையுங்கள். ஒரு வேளையில் ஒரு மாற்றத்திற்கு மேற் செய்யாதீர்கள். விஞ்ஞானம் என்பது இதுவே.

புதிய கார் வைத்திருக்கும் வாசகர்கள் இது தமக்குரியதன்று என எண்ண வேண்டாம். அவர்களுடைய காரிற் காபரேற்றரும் பொயின்றும் இல்லை. கணினி அவ்வேலையைச் செய்கிறது. ஆயினும் வடிகட்டி, பிளக்கு, டயர், பிறேக், பாரம் ஆகிய ஐந்தும் அங்கேயும் உண்டு. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்த காலத்தில், உள்ள காரைப் பேணியவர்களே பயணம் செய்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை.

தம்பி, உம்முடைய கேள்விக்கு விடை: ஆம், முடியும். டர்போ இல்லாமலே உமது கார் இன்றிருப்பதிலும் நன்றாக ஓடும். ஆனால், நாம் சொன்ன வரிசையை மாற்றலாகாது. இழந்ததை மீட்டல், பாரத்தைக் குறைத்தல், பிறேக்கைச் செப்பனிடல், அதன் பின்னரே மூச்சை அகலப்படுத்தல். முதல் மூன்றையும் முடித்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாரும். நான்காவது தேவைதானா என்பதை நீரே தீர்மானிப்பீர். பிறேக் வேலையை மாத்திரம் கைதேர்ந்தவர் ஒருவர் பார்வையிற் செய்யும்.

அம்மா, தங்கள் வரிகளை இருமுறை வாசித்தோம். பிள்ளையின் கையிலிருந்து அந்தக் காரைப் பறிக்க வேண்டாம். ஒரு யந்திரத்தைக் கழற்றிப் பூட்டி, எண்ணெய்க் கறையோடு ஒவ்வோர் ஆணியையும் அறிந்தவனுக்கு அதன் வலுவும் தெரியும், எல்லையும் தெரியும். வேலை முடிந்தபின், முதற் பயணத்தில் தாங்களே முன்னாசனத்தில் அமர்ந்து செல்லுங்கள். அவன் எவ்வளவு விரைவாக ஓட்டுகிறான் என்று பார்க்க வேண்டாம். எவ்வளவு மெதுவாக, குலுக்கமின்றி நிறுத்துகிறான் என்று பாருங்கள். அது சரியாயிருந்தால், அடுத்த முறை வாசலில் நிற்கும் கால்களுக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும்.